சுவிட்சுக்குள்ளும் ஒரு பக்கம் இருக்கிறது

ரவுட்டருக்குள் போய் வைஃபை பாஸ்வேர்ட் மாற்றத் தெரிந்த ஒருவர் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறார். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் ஒரு பக்கம் வரும், வேண்டியதை அங்கே மாற்றலாம். அதே மாதிரி நெட்வேர்க் சுவிட்சுக்குள்ளும் போகலாம் என்று சொன்னால்தான் பலருக்கு ஆச்சரியம். "அது சும்மா வயர் செருகிற பெட்டிதானே தம்பி, அதுக்குள்ள பார்க்க என்ன இருக்கு?" என்பார்கள்.

அந்தக் கேள்வியிலும் பாதி நியாயம் இருக்கிறது. மட்டக்களப்பு நகரத்திலோ கல்முனையிலோ கடைக்குப் போய் மலிவாக ஒரு 5 போர்ட் (வயர் செருகும் துளை) சுவிட்ச் கேட்டால், கையில் தருவது பெரும்பாலும் பக்கம் எதுவும் இல்லாத பெட்டிதான். கரண்ட் கொடுத்து வயரைச் செருகினால் வேலை செய்யும். மாற்றவோ பார்க்கவோ உள்ளே எதுவும் இல்லை. அதற்கு அடுத்த படியில் இருப்பவை 'ஸ்மார்ட்' என்றோ 'வெப் மேனேஜ்ட்' என்றோ பெட்டியில் எழுதியிருக்கும் சுவிட்சுகள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. அதற்கும் மேலே, கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஆளும் பெரிய சுவிட்சுகள் உண்டு. பல்கலைக்கழகம், வங்கி போன்ற பெரிய இடங்களின் வேலை அது, இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

நாலைந்து கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்திருக்கும் கொமியுனிகேசன் கடைக்கு பக்கம் உள்ள சுவிட்ச் தேவையில்லை. காசை ஒரு நல்ல யூபிஎஸ்ஸில் போடலாம். சிசிடிவி, மாணவர்களுக்கான வைஃபை, காரியாலயக் கணினி எல்லாம் ஒரே இடத்தில் சேரும்போதுதான் இந்தப் பக்கத்தின் அருமை விளங்கும்.

சரி, முதலில் சுவிட்ச் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நெட்வேர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று ஓர் அடையாள எண் உண்டு. ஒரு போர்ட் வழியாகத் தரவு வந்தால், அதை அனுப்பிய கருவியின் மேக் முகவரியை சுவிட்ச் குறித்துக்கொள்கிறது: இன்ன முகவரி 3ஆம் போர்ட்டில் இருக்கிறது என்று. அடுத்த முறை அந்த முகவரிக்கு ஏதாவது வந்தால் 3ஆம் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். முகவரி பட்டியலில் இல்லாவிட்டால் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருக்கும் கருவியைப் பட்டியலில் இருந்து நீக்கிவிடும். பெரும்பாலான சுவிட்சுகளில் அந்த நேரம் 300 விநாடி. 1990இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் 'ஈதர்சுவிட்ச்' என்ற பெயரில் கொண்டுவந்த காலத்தில் இருந்து அடிப்படை வேலை இதுதான்.

இந்த வேலைக்கு 192.168.1.1 போன்ற ஐபி முகவரி தேவையே இல்லை. புதிதாகப் படிப்பவர்கள் குழம்புகிற இடமும் இதுதான். 'சுவிட்சுக்கு ஒரு ஐபி கொடுக்க வேண்டும்' என்றதும், எல்லாத் தரவும் அந்த ஐபி வழியாகத்தான் போகிறது, அதை மாற்றினால் எல்லாம் நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவையை நினைத்துப் பாருங்கள். அதை ஓட்டுபவரிடம் ஒரு போன் இருக்கும். அவரோடு கதைக்க வேண்டியவர்களுக்கு அந்த நம்பர் தேவை. மோட்டார் சைக்கிளோடு அக்கரைக்குப் போகிறவர்களுக்கு அது எதற்கு? நம்பர் மாறினாலும் பாதை ஓடும். சுவிட்சின் ஐபியும் நீங்கள் அதனோடு கதைப்பதற்கு மட்டும்தான்.

இது விளங்கினால் மற்ற பல விஷயங்கள் தானாக விளங்கும். இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் அந்தப் பக்கம் திறக்கும், ஏனென்றால் அது சுவிட்சுக்குள்ளேயே இருக்கிறது. பக்கம் திறக்கவில்லை என்பதற்காக சுவிட்ச் பழுது என்று முடிவுகட்டவும் கூடாது. கணினிகள் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு மட்டும் பக்கம் வராமல் இருக்கலாம்.

இனி முதல் முறை உள்ளே போவது. பெட்டியின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். தொழிற்சாலையில் கொடுத்த ஐபி அதில் இருக்கும். டிபி-லிங்க் ஸ்மார்ட் சுவிட்சுகளில் வழமையாக 192.168.0.1, டி-லிங்கில் 10.90.90.90, நெட்கியரில் 192.168.0.239, சிஸ்கோவின் சிறு வியாபார வகையில் 192.168.1.254. பல புதிய சுவிட்சுகள் முதலில் ரவுட்டரிடம் ஒரு ஐபி கேட்டுப் பார்க்கும், கிடைக்காவிட்டால்தான் இந்த எண்ணுக்கு வரும். ஆகவே ரவுட்டரோடு ஏற்கெனவே இணைத்துவிட்டீர்கள் என்றால், ரவுட்டரின் பக்கத்தில் 'இணைந்திருக்கும் கருவிகள்' பட்டியலில் சுவிட்சைத் தேடுங்கள்.

எனக்குப் பிடித்த வழி, ரவுட்டரைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை ஒரே ஒரு கேபிளால் சுவிட்சோடு இணைப்பது. வைஃபையை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கணினி வேறு திசையில் போய்த் தேடிக்கொண்டிருக்கும். இப்போது மடிக்கணினிக்கு ஐபி கொடுக்க யாரும் இல்லை. அது தானாகவே 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். அந்த எண்ணோடு இருந்துகொண்டு 192.168.0.1 என்று எத்தனை தடவை அடித்தாலும் பக்கம் வராது. சுவிட்சும் கணினியும் ஒரே எண் வரிசையில் இருக்க வேண்டும். சுவிட்ச் 192.168.0.1 என்றால், நெட்வேர்க் செட்டிங்கில் போய் மடிக்கணினிக்கு 192.168.0.10 என்றும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றும் கையால் கொடுங்கள். அந்த மாஸ்க்கின் பொருள், முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசிப் பகுதி வேறாக இருக்க வேண்டும் என்பதுதான். கேட்வே என்ற இடத்தை வெறுமையாக விடலாம்.

இப்போது பிரவுசரில் அந்த எண்ணை அடியுங்கள். 'இந்த இணைப்புப் பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் மிரட்டினால் பயப்படாதீர்கள். சுவிட்ச் தன் சான்றிதழைத் தானே எழுதி வைத்திருக்கிறது, அதற்கு வெளியார் யாரும் சாட்சி சொல்லவில்லை. வங்கியின் தளத்தில் இப்படி வந்தால் உடனே மூடிவிட வேண்டும். இங்கே உங்கள் கேபிளின் மறுமுனையில் இருப்பது அந்தப் பெட்டி மட்டும்தான், தாண்டிப் போகலாம்.

உள்ளே போனதும் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 'அட்மின்' என்ற பெயரும் 'அட்மின்' என்ற பாஸ்வேர்டும் உலகம் முழுக்கத் தெரிந்தவை. புதிய மாடல்கள் இதைப் புரிந்துகொண்டு, முதல் முறையிலேயே புதுப் பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகின்றன.

அப்புறம் ஐபி. உங்கள் ரவுட்டர் 192.168.1.1 என்றும், அது மற்றவர்களுக்கு 192.168.1.100இல் இருந்து எண் கொடுக்கிறது என்றும் வைப்போம். சுவிட்சுக்கு 192.168.1.2 கொடுத்தால் யாரோடும் மோதாது. ரவுட்டரும் சுவிட்சும் இரண்டுமே 192.168.0.1 என்று இருந்தால் வருகிற தொல்லை தனி. ஒருநேரம் ரவுட்டரின் பக்கம் வரும், ஒருநேரம் சுவிட்சின் பக்கம் வரும், இன்டர்நெட் விட்டுவிட்டு வேலை செய்யும். ஐபியை மாற்றி 'அப்ளை' கொடுத்தவுடன் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். அது பழுது அல்ல, நீங்கள் கதைத்துக்கொண்டிருந்த எண் இல்லாமல் போய்விட்டது. ரவுட்டரைத் திரும்ப இணைத்து, மடிக்கணினியைத் தானாக ஐபி எடுக்கும்படி மாற்றிவிட்டு, புதிய எண்ணை அடியுங்கள்.

இந்தப் பக்கத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது போர்ட் நிலவரம்தான். ஒவ்வொரு போர்ட்டிலும் வயர் இருக்கிறதா, என்ன வேகத்தில் இணைந்திருக்கிறது, எத்தனை பிழைகள் வந்திருக்கின்றன என்று காட்டும். பார்ப்பதற்குச் சாதாரண அட்டவணை. ஆனால் ஏணி ஏறிச் சீலிங்கைப் பிரிக்காமல் பழுதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி சிறிய இடங்களில் இல்லை.

உதாரணமாக, கணினியும் சுவிட்சும் இரண்டுமே 1000 எம்பிபிஎஸ் வேகம் உள்ளவை. பக்கத்தில் அந்தப் போர்ட் 100 என்று காட்டுகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். 1000 வேகத்துக்கு கேபிளுக்குள் இருக்கும் நாலு சோடிக் கம்பிகளும் வேண்டும், 100க்கு இரண்டு சோடி போதும். 100க்குத் தேவைப்படாத சோடி ஒன்று அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு முழுதாக நிற்காது, வேகம் மட்டும் இறங்கும். எலி கடித்திருக்கலாம், கேபிளின் நுனியில் இருக்கும் ஆர்ஜே-45 தலையைச் சரியாக நெரிக்காமல் விட்டிருக்கலாம். கடற்கரைப் பக்கக் கட்டடங்களில் உப்புக்காற்றில் அந்தத் தலையின் பின்களில் களிம்பு பிடிப்பதும் உண்டு. பிழை எண்ணிக்கையில் சிஆர்சி என்ற வரிசை ஏறிக்கொண்டே போனாலும் இதே சந்தேகம்தான்: தரவு போய்ச் சேரும்போது சிதைந்து சேர்கிறது. எண்ணிக்கையைப் பூச்சியமாக்கிவிட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள், பழைய பிழையா இப்போதும் வருகிறதா என்று தெரிந்துவிடும். சில மாடல்களில் கேபிள் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எத்தனையாவது மீற்றரில் கம்பி அறுந்திருக்கிறது என்பதைக்கூட ஏறக்குறையச் சொல்லிவிடும்.

மாரி தொடங்கும் முன் ஒக்டோபர், நவம்பரில் இடி மின்னல் விழும் காலத்துக்குப் பிறகும் இந்த அட்டவணையைப் பார்ப்பது நல்லது. மின்னல் அடித்தால் சுவிட்ச் முழுதாகத்தான் எரியும் என்றில்லை. இரண்டு மூன்று போர்ட் மட்டும் செத்துப்போய் மற்றவை ஓடும். ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொன்றுக்கு வெளியால் இழுத்த செம்புக் கேபிள் இருந்த போர்ட்டாகப் பல நேரம் அது இருக்கும். அப்படியான இடத்துக்கு, மின்னைக் கடத்தாத ஃபைபர் கேபிள் போடுவதே சரி.

அடுத்தது வீலான். கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது. ஒரே சுவிட்சை, ஒன்றோடொன்று கதைக்க முடியாத பல சுவிட்சுகளாகப் பிரிப்பதே வீலான். கல்லடியில் ஒரு ரியூசன் நிலையம் என்று கற்பனை செய்வோம். 8 போர்ட் சுவிட்ச். 1இல் ரவுட்டர். 2, 3, 4இல் காரியாலயக் கணினிகளும் பிரிண்டரும். 5இல் மாணவர்களின் வைஃபை. 6, 7இல் கமராவும் அதன் பதிவுப் பெட்டியும். எதையும் பிரிக்காவிட்டால், வைஃபையில் இணைந்த ஒரு பிள்ளை தன் போனில் ஒரு செயலியைப் போட்டு காரியாலயப் பிரிண்டரையும் கமராப் பெட்டியையும் பார்க்கலாம். கட்டண விபரம் இருக்கும் கணினியைத் தட்டிப் பார்க்கலாம். பிள்ளைகள் நல்லவர்கள்தான், ஆனால் ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம்.

வீலான்களுக்கு 1இல் இருந்து 4094 வரை எண் கொடுக்கலாம். தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஇஇஇ என்ற அமைப்பு 1998இல் வெளியிட்ட 802.1கியூ என்ற தரத்தில் வந்தது இது. வாங்கிய அன்று எல்லாப் போர்ட்டும் வீலான் 1இல் இருக்கும். நாம் காரியாலயத்துக்கு 10, மாணவர்களுக்கு 20, கமராவுக்கு 30 என்று வைப்போம். இங்கே இரண்டு சொற்கள் வரும். ஒரு போர்ட்டால் தரவு வெளியே போகும்போது 'இது வீலான் 20' என்று ஒரு சிறு அடையாளத்தோடு போனால் அது டேக்ட். அடையாளத்தைக் கழற்றிவிட்டுப் போனால் அன்டேக்ட். சாதாரணக் கணினிக்கும் பிரிண்டருக்கும் அந்த அடையாளம் தெரியாது, அவற்றுக்கு அன்டேக்ட் கொடுக்க வேண்டும். ரவுட்டருக்குப் போகும் 1ஆம் போர்ட்டில் மூன்று வீலானும் ஒரே வயரில் போக வேண்டியிருப்பதால் அங்கே மூன்றுக்கும் டேக்ட்.

இவ்வளவும் செய்தபின் பலர் 'வேலை செய்யவில்லை' என்பார்கள். வெளியே போகும் தரவுக்கு வழி சொன்னார்கள், உள்ளே வரும் தரவுக்குச் சொல்லவில்லை. அடையாளம் இல்லாமல் கணினியில் இருந்து வரும் தரவை எந்த வீலானில் சேர்ப்பது என்பதற்கு பிவிஐடி என்று வேறொரு இடம் இருக்கிறது. மலிவான சுவிட்சுகளில் அது பெரும்பாலும் தனிப் பக்கத்தில் இருக்கும், தேடித்தான் போக வேண்டும். 2, 3, 4க்குப் பிவிஐடி 10, 5க்கு 20, 6க்கும் 7க்கும் 30. அதற்குப் பிறகு இந்தப் போர்ட்டுகளை வீலான் 1இல் இருந்து நீக்கவும் வேண்டும். நீக்காவிட்டால் வீலான் 1இல் எல்லோருக்கும் அனுப்பப்படுவது அங்கேயும் வந்து விழும், பிரித்தும் பிரிக்காத கதையாகிவிடும்.

8ஆம் போர்ட்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சுவிட்சின் பக்கம் வழமையாக வீலான் 1இல் இருந்துதான் திறக்கும். நீங்கள் 2ஆம் போர்ட்டில் மடிக்கணினியைச் செருகிக்கொண்டு அதே 2ஆம் போர்ட்டை வீலான் 10க்கு மாற்றினால், அந்த நொடியே பக்கம் போய்விடும். காரியாலயம் ஓடும், கமரா ஓடும், நீங்கள் மட்டும் வெளியே. ஒரு போர்ட்டை வீலான் 1இலேயே வைத்து, அதில் இருந்துகொண்டே எல்லா மாற்றத்தையும் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீலான் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் இன்டர்நெட் கொடுக்க ரவுட்டருக்கும் வீலான் தெரிந்திருக்க வேண்டும். இணைப்போடு இலவசமாகத் தரும் பல ரவுட்டர்களில் அந்த வசதி இல்லை. மைக்ரோடிக் போன்ற, வீலான் தெரிந்த ரவுட்டர் ஒன்றை நடுவில் வைத்துத்தான் பலர் இதைச் செய்கிறார்கள். அது முடியாவிட்டால் சுவிட்சில் போர்ட் ஐசோலேஷன் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் போர்ட்டும் ரவுட்டரோடு மட்டும் கதைக்கலாம், தங்களுக்குள் கதைக்க முடியாது என்று ஆக்கிவிடலாம். விடுதிகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். பாசிக்குடாவில் அறை எடுத்தவர் அடுத்த அறைக்காரரின் மடிக்கணினியைப் பார்க்கத் தேவையே இல்லை.

கூட்டித் துடைத்தபின் கழன்று கிடந்த கேபிளின் இரண்டு முனையையும் யாரோ அதே சுவிட்சில் செருகிவிடுவது எல்லா இடத்திலும் நடப்பது. எல்லோருக்குமாக அனுப்பிய ஒரு செய்தி அந்த வளையத்துக்குள் சுற்றத் தொடங்கும், ஒவ்வொரு சுற்றிலும் மற்றப் போர்ட்டுகளுக்கும் கொட்டும். ஈதர்நெட்டில் 'இத்தனை சுற்றோடு செத்துப்போ' என்ற கணக்கு இல்லாததால் அது நிற்காது. எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடக்கும், முழு நெட்வேர்க்கும் படுத்துவிடும். 1985இல் ராடியா பேர்ல்மன் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் எழுதிய ஸ்பானிங் ட்ரீ என்ற முறை இதற்கான மருந்து: வளையத்தைக் கண்டால் அதில் ஒரு போர்ட்டை மூடிவிடும். சிறிய சுவிட்சுகளில் லூப் ப்ரிவென்ஷன் என்ற பெயரில் ஓர் எளிய வடிவம் இருக்கும். வாங்கிய அன்றே அதை ஒன் பண்ணிவிடுங்கள். இந்தச் செய்திப் புயல் தொடங்கிய பிறகு பக்கத்தைத் திறக்கப் போனால், அந்த நெரிசலில் பக்கமும் திறக்காது.

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் கமரா பூட்டுகிறவருக்குப் பிஓஇ பக்கம் பிடிக்கும். ஒரே கேபிளில் தரவும் கரண்டும் போவதுதான் பிஓஇ. 2003இல் வந்த தரத்தில் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கொடுக்கும், 2009இல் வந்த அடுத்த தரத்தில் 30 வாட். ஆனால் பெட்டி முழுதுக்கும் ஒரு மொத்த அளவு உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை. 60 வாட் சுவிட்சில் 8 கமரா என்று வையுங்கள். பகலில் ஒன்று 5 வாட் எடுத்தால் 40, பிரச்சினை இல்லை. இரவானதும் இருட்டில் பார்க்கும் விளக்குகள் எரிந்து ஒன்று 9 வாட் எடுத்தால் 72. முன்னுரிமை குறைந்த கமராக்கள் அணைந்துவிடும், விடிந்ததும் தானாக வந்துவிடும். பேய்க்கதை மாதிரி இருக்கும் இந்தப் பழுதைப் பிஓஇ பக்கம் ஒரே பார்வையில் காட்டிவிடும். உறைந்துபோன கமராவை, அந்தப் போர்ட்டின் கரண்டை நிறுத்தித் திரும்பக் கொடுத்து, கதிரையில் இருந்துகொண்டே மீட்கலாம். ஒரு கேபிளின் நீளத்துக்கு 100 மீற்றர் என்ற எல்லை இருப்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு 'சேவ்' கொடுக்காமல் எழும்பிவிடாதீர்கள். பல சுவிட்சுகளில் 'அப்ளை' என்பது மாற்றத்தை இப்போதைக்கு நடைமுறைக்குக் கொண்டுவருவது மட்டும்தான். நிரந்தர நினைவில் எழுத 'சேவ்' தனியாக இருக்கும், சிலவற்றில் மேல் மூலையில் சிறிதாக. அன்று பின்னேரம் எல்லாம் சரியாக ஓடும். ஒரு கரண்ட் கட் வந்து போனால் பழையபடி ஆகிவிடும். இந்தக் குணத்தால் ஒரு நன்மையும் உண்டு: சேவ் பண்ணும் முன் உங்களையே வெளியே பூட்டிக்கொண்டால், கரண்டைக் கழற்றி மாட்டினால் போதும்.

மெயின்டெனன்ஸ் பகுதியில் அமைப்பை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளும் பொத்தானும் இருக்கும். திகதி போட்ட பெயரில் இறக்கி, சுவிட்சோடு சம்பந்தம் இல்லாத இடத்தில் வையுங்கள். பாஸ்வேர்ட் மறந்துபோனால் சிறு துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் போதும், ஆனால் வீலான் உட்பட எல்லாம் அழிந்து வாங்கிய அன்றைய நிலைக்குப் போய்விடும். கோப்பு இருந்தால் ஐந்து நிமிட வேலை, இல்லாவிட்டால் பிவிஐடியில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

கொழும்பில் இருந்தோ வெளிநாட்டில் இருந்தோ இந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்ட் பண்ணி, இன்டர்நெட்டில் இருந்து நேரே உள்ளே வர வழி திறந்து கொடுக்காதீர்கள். சிறிய சுவிட்சுகளின் பக்கம் பல நேரம் வெறும் எச்டிடிபியில் ஓடுகிறது, பாஸ்வேர்ட் பூட்டில்லாமல் போகும். அவருக்கு விபிஎன் (இன்டர்நெட் ஊடாகப் பூட்டிய தனி வழி) ஒன்று அமைத்துக் கொடுங்கள். அதற்குச் சுவிட்சில் செய்ய எதுவும் இல்லை, ரவுட்டரில்தான் வேலை.